பெரிய இன்டர்கூலர் போட்டால் பூஸ்ட் ஏன் இறங்குகிறது? – கேள்வி பதில்

கேள்வி: 2004 மினி கூப்பர் எஸ். பெரிய இன்டர்கூலர் மாட்டியதும் பூஸ்ட் 0.8 பாரிலிருந்து 0.7 ஆகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அதில் இருப்பது ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப். எஞ்சினின் கிராங்கோடு பெல்ட்டில் சுற்றும். சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அள்ளித் தள்ளும். எஞ்சின் விழுங்கியது போக மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) நெரிபடும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். குளிர்ந்தால் காற்று சுருங்கும், நெரிசல் குறையும், பூஸ்ட் கேஜின் முள் இறங்கும். கணக்குப் பாருங்கள்: வளிமண்டலத்தையும் சேர்த்து 1.8 பார், காற்று 77 டிகிரி, அதாவது 350 கெல்வின். அதை 57 டிகிரிக்கு, 330 கெல்வினுக்கு, இறக்கினால் 1.8 × 330 ÷ 350 = சுமார் 1.7. உங்கள் கேஜ் காட்டுவது அதைத்தான்.

அது இருக்கட்டும், சூப்பர்சார்ஜரின் கியர் எண்ணெயை மாற்றினீர்களா? வாட்டர் பம்பைச் சுற்றுவதே அந்தக் கியர்தான். எண்ணெய் வற்றினால் பல் தேய்ந்துவிடும்.

கேள்வி: டர்போ காரில் இன்டர்கூலர் மாற்றினேன், பூஸ்ட் குறையவில்லையே?

டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் புகை. மிஞ்சிய புகையை வழிமாற்றும் வால்வான வேஸ்ட்கேட் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அங்கே காற்றின் எடை கூடும், முள் அசையாது.

கேள்வி: எனக்கும் பூஸ்ட் குறைந்துவிட்டது. ஏன்?

முதல் பதில்.

கேள்வி: முதல் பதில் இடிக்கிறது. உள்ளே போகும் காற்றின் எடை மாறவில்லை என்றால் பவர் எங்கிருந்து வரும்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். எடை பெரிதாக மாறாது. எதிர் அழுத்தம் குறைவதால் சூப்பர்சார்ஜருக்குள் சுற்றும் ரோட்டர் இடுக்கில் திரும்பிக் கசிவது கொஞ்சம் குறையும், பெல்ட் இழுக்கும் பாரமும் குறையும். அது சில்லறை. பெரிய லாபம் நாக்கிங்கில், அதாவது சூட்டில் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதில்: அதைத் தவிர்க்கச் சூடான காற்றில் இசியூ (எஞ்சினின் கணினி) இக்னிஷனைப் பின்தள்ளும், தீப்பொறி தாமதமாகி பவர் குறையும்; குளிர்ந்த காற்றில் தள்ளாது.

கேள்வி: அப்படியானால் குளிர்விக்காமலே பூஸ்ட்டை ஏற்றிக்கொள்ளலாமே?

ஏறும், முள் மட்டும். மினியில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றுவிட்டு மிதித்துப் பாருங்கள். கேஜ் முன்பைவிட ஒரு கோடு கூடக் காட்டும், கார் சோம்பலாக நகரும். பூஸ்ட் உண்மையிலேயே வேண்டுமென்றால் சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி (பெல்ட் சக்கரம்) போடுங்கள், வேகமாகச் சுற்றும். அப்போது காற்றே கூடுதலாக வரும், அதோடு சூடும் வரும். பெரிய இன்டர்கூலருக்கு வேலை அங்கேதான். புல்லி மாற்றக் கழற்றும்போது அந்த எண்ணெயையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏசி கேஸை வைத்தே குளிர்விக்க முடியுமாமே?

2018 டாட்ஜ் டீமனில் கம்பெனியே செய்தது. இன்டர்கூலருக்குப் போகும் தண்ணீரை ஏசி குளிர்விக்கும். டிராக் (drag) ரேஸுக்கு, அதாவது நேர்க்கோட்டில் சீறும் குறுகிய பந்தயத்துக்கு, அருமை.

கேள்வி: இன்டர்கூலரைத் தொடவே இல்லை, பூஸ்ட் 0.8-லிருந்து 0.5 ஆகிவிட்டது.

இது வேறு கதை. இன்டர்கூலரின் இரண்டு பக்கமும் காற்றுக் குழாயை இணைக்கும் ரப்பர் உறைகளை (boot) கழற்றி, மடிப்பை விரித்து விரலால் தடவுங்கள். கிழிசல் அடிப்பக்கம்தான் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது.

கேள்வி: பூஸ்ட் குறைந்தால் பவர் குறையுமா?

மேலே போய்ப் படியுங்கள். எண்ணெய் மாற்றியாயிற்றா?