மகள் கழிவுநீர்த் துறைக்குப் போகட்டுமா?

சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்தது. வேதியியலில் நன்றாகச் செய்யும் மகள் கணினித் துறை வேண்டாம் என்கிறாள். கடலோரங்களிலும் தீவுகளிலும் இருக்கும் சின்னக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று தவிக்கிறீர்கள். சிங்கப்பூரில் 1987 வரைக்கும், வாளியில் சேரும் மலத்தை ஆட்கள் எடுத்துச் செல்லும் வாளிக் கழிப்பறை இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களுக்காக அவளைத் தடுக்காதீர்கள். அது மூளைக்கு நன்றாகவே வேலை வைக்கும் துறை.

சின்ன நிலையம் என்றால் சுலபம் என்று நினைப்பார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் தெரிகிறது. கழிவை உண்டு சுத்தம் செய்பவை பாக்டீரியாக்கள். அவற்றில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வகை மெதுவாகத்தான் வளரும். கடலோரத்தில் அலையேற்றத்தின்போது குழாய் விரிசல் வழியே உப்புநீர் கசிந்து உள்ளே வரும். உப்பு திடீரென்று ஏறினால் அந்த வகை தடுமாறிவிடும். வார இறுதியில் விடுதி நிரம்பினால் கழிவும் ஒரேயடியாகக் கூடும். பெரிய நிலையத்தில் இதெல்லாம் கலந்து அடங்கிவிடும், சின்னதில் அப்படியே தாக்கும். சரியாகச் சுத்திகரிக்காத நீரில் நைட்ரஜன் மிஞ்சும், கடலில் பாசி பெருகப் பெரும்பாலும் அதுதான் தீனி. 2015-இல் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் பாசி பெருகி, பண்ணை மீன்கள் ஏராளமாகச் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கடலுக்குள் என்ன விடுகிறோம் என்பதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று காட்டிய நிகழ்வு அது.

ஒன்றை அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே சிங்கப்பூரில் கழிவுநீர் பெரும்பாலும் ஆழ்சுரங்கம் வழியாகப் பெரிய நிலையங்களுக்குப் போகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை மட்டுமே 48 கிலோமீட்டர் சுரங்கம். அவள் ஆசைப்படும் சின்ன நிலையங்கள் அதிகமும் சுற்றியுள்ள நாடுகளின் தீவுகளிலும் கடற்கரை ஊர்களிலும்தான். ஆகவே பயணம் இருக்கும், வீட்டை விட்டுத் தங்கவும் வேண்டியிருக்கும். முதலில் சில வருடம் இங்குள்ள பெரிய நிலையத்தில் மூத்தவர்களிடம் பழகிவிட்டு, அப்புறம் தீவுக்குப் போகட்டும் என்பது என் யோசனை.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2024 மே மாதம் சுவா சூ காங் குடிநீர் நிலையத்தில் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியின்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கி ஓர் இந்திய ஊழியர் இறந்தார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கக் கூடாது. வாயுமானி இல்லாமல், அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க மாட்டேன் என்று அவள் இப்போதே மனதில் பதிய வைக்கட்டும். மேலாளர் அவசரப்படுத்தினாலும்கூட.

படிப்புக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் திறந்த நாளுக்கு அவளோடு நீங்களும் போங்கள். பட்டயத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நுண்ணுயிரியல் ஆய்வகம் உண்டா, உண்மையான நிலையத்தில் வேலைப் பயிற்சி எத்தனை வாரம், பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் சேர வழி உண்டா என்று விரிவுரையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த கட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.