பல்லை எண்ணுங்கள்: மலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் கேள்வி பதில்

குன்னூரில் ஞாயிறு காலைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் எழுதிக் கேட்டவை இவை. இருபது ஆண்டுகளாக இந்த மலையில் ஓட்டியும் பழுது பார்த்தும் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, 21 கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். எது எளிய கியர், எது கடினமானது என்றே பிடிபடவில்லை. (அருவங்காடு, கல்லூரி மாணவர்)

கைப்பிடியில் உள்ள எண்களைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், தம்பி. இடது கை முன்பக்கப் பல்சக்கரங்களை மாற்றுகிறது, வலது கை பின்பக்கத்தை மாற்றுகிறது. முன்னால் சிறிய சக்கரம் எளிது. பின்னால் பெரிய சக்கரம் எளிது. இப்படி ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதால்தான் எல்லாருக்கும் குழப்பம்.

இன்று மாலையே ஒன்று செய்து பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின்சக்கர வால்வை அடையாளமாக வைத்துக்கொண்டு, பெடலைக் கையால் மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால் வால்வு மூன்று முறை சுற்றி வரும். முன்னால் 24, பின்னால் 28 என்றால் ஒரு சுற்றுகூட முழுதாக வராது. கியர் என்பது அவ்வளவுதான்: முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் வரும் எண். முன்னால் 3, பின்னால் 7, ஆக 21 என்று கணக்குச் சொல்கிறார்களே தவிர, வகுத்துப் பார்த்தால் பல ஏறக்குறைய ஒரே எண்ணாகத்தான் வரும். செயினை மிகவும் கோணலாக இழுக்கும் சேர்க்கைகளையும், அதாவது முன் பெரியது - பின் பெரியது, முன் சிறியது - பின் சிறியது இரண்டையும், தவிர்த்துவிடுங்கள்.

கியர் இருந்தால் வலு குறைந்தவர்களும் ஏற முடியும் என்கிறார்கள். எனக்கு 48 வயது, முழங்கால் வலி உண்டு. உண்மையா? (கோத்தகிரி, ஆசிரியை)

ஏற முடியும். ஆனால் கியர் வலுவைக் கொடுப்பதில்லை, வேலையைத் துண்டு போட்டுக் கொடுக்கிறது. தேயிலைச் சரிவில் பார்த்திருப்பீர்கள், இலை மூட்டையைச் சுமந்து ஏறுபவர்கள் செங்குத்தான தடத்தை விட்டு வளைந்து போகும் தடத்தையே பிடிப்பார்கள். ஏறும் உயரம் ஒன்றுதான், எடுத்து வைக்கும் அடிகள்தான் கூடுதல்.

கணக்காகவே சொல்கிறேன். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் ஓடும். ஏற்றத்தில் மணிக்கு 6 கி.மீ. போகிறீர்கள் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். முன்னால் 44, பின்னால் 16 பல் உள்ள சைக்கிளில் ஒரு மிதிச் சுற்று 5.8 மீட்டர் தள்ளும். நிமிடத்துக்கு 17 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலைப் பிழிந்தெடுக்கும். அதே வேகத்தில் 24-க்கு 28 என்றால் சுமார் 56 சுற்று, ஒவ்வொன்றும் இலகுவானது. மூச்சு வாங்கலாம், முழங்கால் வலிக்கக் கூடாது. வலித்தால் இன்னும் எளிய கியருக்கு இறங்குங்கள். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டே தொடங்குங்கள்.

கியர் போட்டு ஏறுவது ஏமாற்று வேலை என்கிறார் நண்பர். (வெலிங்டன்)

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சும் ஏறக்குறைய இதே எண்ணம் கொண்டவர்தான். ஓட்டும்போதே செயினை மாற்றும் கியர்களுக்கு 1937-இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடுகிறது. (பர்லியாறு பக்கம் அடிக்கடி ஓட்டுபவர்)

வளைவுக்கு வந்த பிறகு மாற்றுகிறீர்கள். அப்போது முழு எடையும் பெடலில் இருக்கிறது. இறுகிய செயின் பல் மாறாமல் முரண்டு பிடிக்கும். வளைவுக்கு இருபது அடி முன்பே மாற்றுங்கள். மாற்றும் அந்த ஒரு நொடி, கால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், ஆனால் அழுத்த வேண்டாம். அப்படியும் கழன்றால் கடையில் காட்டுங்கள்.

கல்லட்டி இறக்கத்தில் வண்டிகளை இரண்டாம் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். சைக்கிளிலும் அப்படிச் செய்ய வேண்டுமா? (ஊட்டி)

மிக நல்ல கேள்வி, பலர் இதில் தவறாகவே நினைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் சக்கரமும் எஞ்சினும் பிணைந்திருப்பதால் குறைந்த கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். நம் சைக்கிளில் ஃப்ரீவீல் இருக்கிறது. மிதிக்காமல் போகும்போது கேட்கும் அந்த ‘கிர்ர்’ சத்தம், சக்கரம் பெடலை விட்டுத் தனியாக ஓடுகிறது என்பதற்கு அடையாளம். எந்தக் கியரில் போட்டாலும் இறக்கத்தில் துளியும் பிடிக்காது. பிரேக் மட்டுமே துணை. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், ரிம் அதிகம் சூடேறாது. பனிமூட்டத்தில் ரிம் நனைந்திருந்தால் முதல் பிடியில் பிரேக் வழுக்கும், முன்கூட்டியே பிடியுங்கள்.

அப்படியானால் ஃப்ரீவீல் இல்லாத ஃபிக்ஸட் வீல் சைக்கிள்தான் மலைக்கு நல்லதா? காலாலேயே நிறுத்தலாமே! கோவையில் நண்பர்கள் ஓட்டுகிறார்கள். (குன்னூர், 19 வயது)

ஆசை புரிகிறது, தம்பி. ஃபிக்ஸட் வீலில் பின்சக்கரப் பல் சக்கரத்தோடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். சமதளத்தில் அது தரும் உணர்வே தனி. சாலையின் ஒவ்வொரு அசைவும் பாதத்துக்குத் தெரியும். வேகத்தைக் காலாலேயே கட்டுப்படுத்தலாம் என்பதால் பந்தயத் திடலில் பிரேக்கே இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

ஆனால் இறக்கத்தில் நீங்கள்தான் எஞ்சின். முன்சொன்ன 44-க்கு 16-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 86 முறை கால்கள் சுற்ற வேண்டும். 45-ஐத் தொட்டால் 129 முறை. நம் சரிவில் 45 என்பது பிரேக்கை விட்டால் சில நொடிகளில் வரும் வேகம். பழகாத கால் பெடலை விட்டு எகிறிவிடும். சுற்றும் பெடல் திரும்பிக் கெண்டைக்காலில் அடிக்கும். வளைவில் சாயும்போதும் மிதிப்பதை நிறுத்த முடியாது, பெடல் தரையில் இடிக்கும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் இல்லாமல் இங்கே ஃபிக்ஸட் வீலைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. ஒருமுறை அப்படிப்பட்ட சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரம் சுழலும்போதே பழைய பனியன் துணியால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியின் ஓரம் பல்லில் சிக்கியது. சாதாரண சைக்கிளாக இருந்தால் சக்கரம் தன்பாட்டில் சுற்ற, செயின் நின்றிருக்கும். இதில் நிற்கவில்லை. துணி முழுவதும் உள்ளே போனது. என் ஆள்காட்டி விரலுக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு நெல்மணி அளவே இடம் இருந்தது. அன்றிலிருந்து சக்கரத்தை நிறுத்திவிட்டே துடைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். துப்பட்டா, ஷூ லேஸ் எதுவும் தொங்கக் கூடாது.

கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்லும் மறுபக்கம் ஃப்ரீவீலும் பூட்டும் வகைச் சக்கரம் வாங்குங்கள். கோவைச் சமவெளியில் ஃபிக்ஸட் பக்கம், மேலே வந்தால் ஃப்ரீவீல் பக்கம். ஃபிக்ஸட் பல்லைப் பிடிக்கும் பூட்டு வளையம் எதிர்த்திசையில் முறுக்குவது. அது தளர்ந்திருந்தால், பின்னோக்கி அழுத்தும்போது பல்லே கழன்று வரும். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நான் பத்திரிகை போடுபவன். அப்பா காலத்துக் கியர் இல்லாத சைக்கிள். புதிது வாங்க வசதியில்லை, மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். (கேத்தி)

உங்கள் சைக்கிளில் பின்பல் பெரும்பாலும் 18 இருக்கும், எண்ணிப் பாருங்கள். அதைக் கழற்றி 22 பல் ஃப்ரீவீல் போடச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. மிதிக்க வேண்டிய பாரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டி வரும், கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும். பழைய ஃப்ரீவீலைக் கழற்றும் கருவி கேத்தியில் கிடைக்காவிட்டால் ஞாயிறு காலை சைக்கிளோடு குன்னூருக்கு வாருங்கள், நானே மாற்றித் தருகிறேன்.