விலை இறங்கினால் யாரிடம் சண்டை போடுவது?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். 2024 தை மாதம் எலெக்ட்ரிக் கார் எடுத்தோம். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிப் பள்ளிக்கூடத்துக்கு தினமும் நான்தான் ஓட்டிப் போகிறேன். ஓடுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வருஷம் திரும்புவதற்குள் அதே மாடலுக்கு 90,000 ரூபாய் குறைத்தார்கள். அதோடு விட்டார்களா? இப்போது பெரிய பேட்டரி, குளுகுளு சீட், சுற்றிலும் கேமரா என்று புது வெர்ஷன். கொழுந்தனார் அதை எடுத்து, பிள்ளையார்பட்டியில் மாலை போட்டுக் கொண்டுவந்து, என் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறார். வருகிற ஆச்சிமாரெல்லாம் "அவசரப்பட்டுட்டியே" என்கிறார்கள். சார்ஜ் 80 சதவீதத்தில் தானாக நிற்கிற வசதிகூட என் வண்டிக்குக் கிடையாதாம். ஏமாந்துவிட்டேனா? விற்றுவிட்டு மாற்றலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஏமாறவில்லை, தங்கச்சி. கோபப்பட வேண்டிய இடம்தான் வேறு.

விலை இறங்கியது பெரும்பாலும் பேட்டரியால். ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரியின் உலகச் சராசரி விலை 2010-ல் 1,000 டாலருக்கு மேல். 2023-ல் 139, 2024-ல் 115. மின்காரில் விலை கூடிய உறுப்பே அதுதான். பேட்டரி செல்லின் விலை குறைந்ததைக் காரணம் சொல்லித்தான் டாடா 2024 பிப்ரவரியில் நெக்ஸான் மின்காருக்கு 1.20 லட்சம் வரை குறைத்தது. 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலை குறைத்தபோது, முன்பே வாங்கியவர்கள் ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். பெட்ரோல்காரர்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. ஜூலையில் எடுத்தவர் யாரைப் போய்க் கேட்பார்?

விற்கிற நாளில்தான் அந்த 90,000 உங்களைத் தொடும். ஒரே ஒரு இடத்தில் முன்கூட்டியே தொடும்: இன்ஷூரன்ஸ். ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பை (வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ கிடைக்கிற தொகைக்கு அதுதான் அளவு) நீங்கள் கொடுத்த விலையில் கணக்குப் போடமாட்டார்கள். கார் கம்பெனியின் இன்றைய விலையில் வயதுக்கேற்பக் கழிப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 20 சதவீதம், அதற்கடுத்த வருஷம் 30. ஆக, இரண்டு தாண்டிய வண்டிக்கு 90,000 விலைக்குறைப்பு ஐ.டி.வி.யில் 63,000 ரூபாயைத் தின்னும். பிரீமியமும் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் புதுப்பிக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி வசதிகள். சீட்டும் கேமராவும் பெரிய பேட்டரியும் இரும்பும் வயருமாக மாட்டுகிற சாமான்கள், அவற்றை மறந்துவிடுங்கள். தினம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெரிய பேட்டரி எதற்கு? கொழுந்தனார் வண்டி உறுத்தினால், நம் செட்டிநாட்டு வீடுகளுக்குத்தான் அடுத்த தெருவிலும் வாசல் உண்டே, அங்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

80 சதவீத சமாச்சாரம் அப்படியல்ல. அது பெரும்பாலும் சாஃப்ட்வேர். செக்காலை ரோட்டில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒரு வசதி வேண்டுமென்றால் ஒரு சாமானை மாட்ட வேண்டும். இன்று ஒரு அப்டேட்டில் வந்துவிடும். அப்படி வரக்கூடியதைப் புது ஆளுக்கு மட்டும் கொடுத்தால் அது அநியாயம், அங்கேதான் சண்டை போட வேண்டும். சேசிஸ் நம்பரும் இப்போதுள்ள சாஃப்ட்வேர் வெர்ஷனும் போட்டுக் கம்பெனிக்கு மெயில் எழுதுங்கள். "இந்த அப்டேட் என் வண்டிக்கு உண்டா? இல்லையென்றால் எந்த பார்ட் இல்லாததால்?" என்று கேளுங்கள். பழைய கண்ட்ரோலர் நிஜமாகவே தாங்காமல் இருக்கலாம். அதையும் எழுத்தில் சொல்லட்டும்.

விற்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்க வருகிறவர் இன்றைய புது விலையைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார். பேட்டரிக்கு வாரண்டி எத்தனை வருஷம் பாக்கி என்று பாருங்கள், அதுவரை நிம்மதியாக ஓட்டுங்கள்.

கேள்வி: அப்படியானால் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: நம் காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-ல் திறந்தது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்னும் முடிந்தபாடில்லை. நீங்கள் எதுவரை காத்திருப்பீர்கள்? தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால், லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் பெட்ரோலுக்குப் போகும். அதையும் கணக்கில் எழுதுங்கள். மாதம் இரண்டு தடவை குன்றக்குடிக்கு மட்டும்தான் என்றால், தாராளமாகக் காத்திருங்கள்.