பழைய ஹெல்மெட்டோட முதல் ஹார்ஸ் ஷோவா, வேணாம்க்கா

அக்கா, பொண்ணுக்கு 13 வயசு, அடுத்த மாசம் ஆரோவில் பக்கம் முதல் ஷோ, டிரெஸ்ஸாஜ்ல, அதாவது குதிரையை சொன்னபடி அழகா நடக்க, ஓட வச்சுக் காட்டுற போட்டியில, தடை எதையும் தாண்டுறதே இல்லையே, சொந்தக்காரப் பையனோட பழைய ஹெல்மெட்டே போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுக்கா.

தாண்டினாதான் விழணும்னு இல்ல. 2010ல அமெரிக்காவோட ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜ் வீராங்கனை கர்ட்னி கிங்-டை ஹெல்மெட் இல்லாம ப்ராக்டிஸ் பண்றப்போ குதிரை கால் தடுக்கி விழுந்து சுமார் ஒரு மாசம் கோமாவுல இருந்தாங்க. 2021லேர்ந்து சர்வதேச குதிரையேற்ற அமைப்பான எஃப்இஐயோட டிரெஸ்ஸாஜ் போட்டிக்கும் ஹெல்மெட் கட்டாயம், முன்னாடி பெரிய லெவல்ல டாப் ஹேட்ங்கிற உயரமான தொப்பி போட்டுட்டு வருவாங்க.

பழசுல என்ன பிரச்சனைன்னா உள்ள தெர்மோகோல் மாதிரி ஒரு லேயர் இருக்கும், விழுந்தா அதுதான் நசுங்கி அடிய வாங்கிக்கும், ஆனா நசுங்கினது திரும்ப எழும்பாது, வெளிய கீறல்கூட தெரியாம இருக்கலாம். என் பையன் சும்மா நடை போறப்பவே விழுந்தான், எழுந்து சிரிச்சான், வீட்டுக்கு வந்து லைனிங்கை எடுத்துப் பாத்தா உள்ள வெடிப்பு, எனக்கு கை நடுங்கிடுச்சு. அன்னைக்கே புதுசு ஆர்டர் போட்டோம்.

சைக்கிள், பைக் ஹெல்மெட்டும் வேணாம். குதிரையேற்ற ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்1163 இல்லைன்னா பிஏஎஸ் 015ன்னு உள்ள ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, எது செல்லும்னு ஷோ நடத்துறவங்ககிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. சடைய கீழ தாழ்த்திப் பின்னி, ஷோவுக்கு எப்படிப் பின்னுவீங்களோ அப்படியே போட்டுப் பாத்து வாங்குங்க. நம்ம கடலூர் வெயில்ல கார்ல மட்டும் வச்சிட்டுப் போயிடாதீங்க.