திக்குவாய்க்குப் பயந்து பதவி உயர்வை மறுத்துவிட்டேன்

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சாம்பிள், காஸ்டிங், ஷிப்மென்ட் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். என் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு. சரக்கு வாங்கும் பையரிடம் போனில் பேச வேண்டியதையெல்லாம் மெயிலிலேயே முடித்துவிடுவேன். முதலாளி மேனேஜராக்குகிறேன் என்றபோது, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் இப்போது எனக்கு மேலே இருக்கிறான். மனைவிக்குக்கூட உண்மைக் காரணம் தெரியாது. மகளுக்குக் கதை சொல்லும்போது மட்டும் திக்குவதே இல்லை. அப்படியானால் இது மனப்பயம்தானா? மாத்திரை உண்டா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மகளிடம் சரளமாகப் பேசுவதை வைத்து இது வெறும் மனப்பயம் என்று முடிவு கட்டாதீர்கள். குழந்தைகளிடம் பேசும்போதும் பாடும்போதும் பலருக்குத் திக்குவதில்லை. திக்குவாய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குவது. மரபணுவுக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. சொந்தப் பெயரில் திக்குவதும் சகஜம்தான். மற்ற சொற்களை மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம், பெயரை எப்படி மாற்றுவது?

எனக்குக் கவலை தருவது நீங்கள் ஒளித்துவைக்கப் படும் பாடு. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹனுக்கும் திக்குவாய் இருந்தது. அவர் இதைப் பனிப்பாறை என்றார்: காதில் விழும் திக்கல் மேலே தெரியும் சிறு பகுதி, வெட்கமும் பயமும் தண்ணீருக்கடியில். ஒரு போனைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதி, அடுத்த போனுக்குப் பயம் இன்னும் கூடும்.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அப்புறம், மெயிலில் நன்கு பழகிய ஒரு பையரைக் கூப்பிட்டு, "எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றே பேச்சைத் தொடங்குங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றானபின் பலருக்குப் பதற்றம் தணிகிறது. கூடவே பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரைப் பாருங்கள். மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965 முதல் இயங்குகிறது. திக்குபவர்களே நடத்தும் சுய உதவிக் குழுக்களும் உண்டு. திக்கல் முழுதாக நின்றபிறகுதான் மேனேஜர் ஆவது என்று மட்டும் காத்திருக்காதீர்கள். திக்கிக்கொண்டே பையரிடம் விலை பேசலாம்.

இந்த முறை பதவி கைவிட்டுப் போய்விட்டது, சரி. மறுத்த உண்மைக் காரணத்தையும், அடுத்த வாய்ப்பில் உங்களுக்கு விருப்பம் இருப்பதையும் முதலாளியிடம் சொல்லிவையுங்கள். வார்த்தை வராது என்று தோன்றினால் முதலில் எழுதிக் கொடுங்கள். மறுநாளே நேரில் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.