‘உங்கப்பாகிட்ட சொல்லு’

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்டாக மாற்றும் கேள்வியில் ஒவ்வொரு தேர்விலும் மதிப்பெண் போகிறது. ‘வில்’ வந்தால் ‘வுட்’, ‘டுமாரோ’ வந்தால் ‘தி நெக்ஸ்ட் டே’ என்று மற்றதெல்லாம் சரியாக எழுதுகிறாள். ‘ஐ’, ‘யூ’, ‘மை’ வந்தால் மட்டும் குழம்பிப்போய், பாதி நேரம் அப்படியே விட்டுவிடுகிறாள். டியூஷனில் ‘சன்’ என்று ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதைத் தலைகீழாக ஒப்பிக்கிறாள், பலன் இல்லை. வேறு டியூஷன் மாற்றலாமென்றால் அவள் அப்பாவைக் கேட்க வேண்டும். அவர் தக்காளி லோடு ஓட்டுகிறார். எங்களுக்குள் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை, எதுவானாலும் இவள் மூலமாகத்தான். இது ஞாபக மறதியா? வல்லாரை கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: மறதி இல்லை அம்மா. ‘டுமாரோ’ ஞாபகம் இருக்கிறது, ‘வில்’ ஞாபகம் இருக்கிறது, ‘மை’ மட்டும் மறந்துபோகுமா? வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், இந்த விஷயத்தில் அதைச் சேர்க்காதீர்கள். டியூஷனையும் மாற்ற வேண்டாம்.

‘எதுவானாலும் இவள் மூலமாகத்தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுவோம். ஒரு வருடமாக அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் செய்துவரும் வேலையின் பெயரே இன்டைரக்ட் ஸ்பீச்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தன் வாயால் சொல்வது. அந்த 2 மதிப்பெண் கேள்வி கேட்பதும் இதைத்தான்.

‘நான் நாளைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு’ என்கிறீர்கள். அவள் போய் என்ன சொல்வாள்? ‘அப்பா, அம்மா நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போறாங்களாம்.’ உங்கள் ‘நான்’ அவள் வாயில் ‘அம்மா’ ஆயிற்று. ‘எங்க அம்மா’ ‘பாட்டி’ ஆயிற்று. ‘போறேன்’ ‘போறாங்க’ ஆயிற்று. மூன்று மாற்றம், ஒன்றும் தப்பில்லை. இதை அவளுக்கு எந்த டியூஷனும் சொல்லித்தரவில்லை.

இப்போது கோபத்தில், ‘நான் என்ன இந்த வீட்டுக்கு வேலைக்காரியான்னு கேளு’ என்று அனுப்புங்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டாள். ‘நான் என்ன இந்த வீட்டுக்கு வேலைக்காரியான்னு அம்மா கேக்குறாங்க’ என்று, பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பிரித்தால் அந்தச் சொல்லின் சூடு தன் கையில் படும் என்று அவளுக்குத் தெரியும். பெற்றவர்கள் இரண்டு பேர், நடுவில் பதினைந்து வயதுப் பிள்ளையைத் தூது நிறுத்தி, எந்த வார்த்தையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று அவளையே முடிவெடுக்க வைத்திருக்கிறீர்கள். இதற்கு நீங்களும் வெட்கப்பட வேண்டும், லோடு ஓட்டுகிறவரும் வெட்கப்பட வேண்டும்.

இனி பாடத்துக்கு வருவோம், இரண்டும் ஒட்டித்தான் கிடக்கின்றன. நம் பேச்சில் ‘ன்னு’ போட்டுவிட்டால் எதையும் மாற்றத் தேவையில்லை. ‘அவர் வரேன்னு சொன்னார்’ என்கிறோம். வருகிறவர் அவர், வினையோ ‘வரேன்’ என்று தன்மையிலேயே நிற்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டிலும் ‘வஸ்தானனி செப்பாடு’தான், கன்னடத்திலும் ‘பர்த்தீனி அந்த ஹேளித’தான். மூன்று பாஷையிலும் இந்த வசதி உண்டு. ஆங்கிலத்தின் ‘தட்’டில் இல்லை. பிள்ளைகள் ‘தட்’டை ‘ன்னு’ என்று நினைத்துக்கொண்டு, ‘ஹி செட் தட் ஐ வில் கம்’ என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு, வரப்போவது எழுதின பிள்ளை என்று ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தின் இன்டைரக்டுக்குப் பக்கத்தில் வருவது நம் ‘ஆம்’. போறாங்களாம், தருவானாம், கேட்டாளாம். ஆகையால் நோட்டில் எழுதும் முன் வாக்கியத்தை ஒருமுறை ‘ஆம்’ போட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ரவி செட் டு மாலா, “ஐ வில் ரிட்டர்ன் யுவர் சைக்கிள்.”’ தமிழில்: ரவி மாலாவோட சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துடுவானாம். ‘ஐ’ ரவி, ‘யுவர்’ மாலாவோடது. விடை வந்துவிட்டது: ‘ரவி டோல்டு மாலா தட் ஹி வுட் ரிட்டர்ன் ஹெர் சைக்கிள்.’

‘சன்’ சூத்திரத்தில் குற்றமில்லை. எஸ், ஓ, என்: சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், நோ சேஞ்ச். மேற்கோளுக்குள் இருக்கும் தன்மை, சொன்னவரைப் பார்த்து மாறும். முன்னிலை, கேட்டவரைப் பார்த்து மாறும். படர்க்கை மாறாது. தமிழ்ப் பாடத்தில் மூவிடம் என்று படித்தாளே, அதேதான். சூத்திரத்தில் இடம் இல்லாத ஓர் ஆள் உண்டு: செய்தியைக் கடத்துகிறவர். அங்கேதான் விழுகிறார்கள். ‘மை ஃபாதர் செட் டு மீ, “ஐ வில் பிரிங் யூ யுவர் புக்.”’ இதில் கேட்டவளும் கடத்துகிறவளும் ஒருத்தியே. அதனால் ‘யூ’ ‘மீ’ ஆக வேண்டும், ‘யுவர்’ ‘மை’ ஆக வேண்டும்: ‘மை ஃபாதர் டோல்டு மீ தட் ஹி வுட் பிரிங் மீ மை புக்.’ இன்டைரக்ட் என்றாலே எல்லாம் ‘ஹி’, ‘ஷி’ என்று மனதில் பதிந்த பிள்ளை இங்கே ‘ஹெர் புக்’ என்று எழுதிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் பென்சிலால் மூன்று பெயர் எழுதட்டும்: சொன்னவர், கேட்டவர், கடத்துகிறவர். ‘மீ’ என்றோ ‘மை’ என்றோ மேற்கோளுக்கு வெளியே இருந்தால் கடத்துகிறவர் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். வெளியே இருக்கும் அந்த ‘மை’யைத் தொடவே கூடாது. ‘மை ஃபாதர்’ அப்படியேதான் நிற்கும்.

மாற்றும் வரிசையும் முக்கியம். உங்கள் மகள் ‘வில்’லையும் ‘டுமாரோ’வையும் முதலில் முடித்துவிட்டு, ‘ஐ’, ‘யூ’, ‘மை’களைக் கடைசியில் தேடுகிறாள் என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது. தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் ஆள், அப்புறம் வினை, கடைசியில் நாள், இடம். ஆள் மாறினால் வினையும் மாறும் அல்லவா? ‘ஹி சேஸ், “ஐ ஹேவ் லாஸ்ட் மை டிக்கெட்.”’ வெளியே ‘சேஸ்’ என்று நிகழ்காலம் இருப்பதால் காலம் மாறாது. காலம் மாறாததால் எதுவுமே மாறாது என்று விட்டுவிடுகிறார்கள். ஆள் கட்டாயம் மாறும், ஆளோடு ‘ஹேவ்’வும் ‘ஹேஸ்’ ஆகும்: ‘ஹி சேஸ் தட் ஹி ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் டிக்கெட்.’

‘யூ’ ஒரு கள்ளன். வினைக்கு முன்னாலும் அதே உருவம், பின்னாலும் அதே உருவம். ‘யூ ஹெல்ப்டு மீ’யில் அது உதவி செய்தவர், ‘ஐ ஹெல்ப்டு யூ’வில் உதவி வாங்கினவர். சொன்னவள் டீச்சர், கேட்டவர்கள் பையன்கள் என்றால் முதலாவது ‘தே ஹேட் ஹெல்ப்டு ஹெர்’, இரண்டாவது ‘ஷி ஹேட் ஹெல்ப்டு தெம்.’ ‘யூ’வைப் பார்த்ததும், அது வேலை செய்கிறதா, வேலையை வாங்கிக்கொள்கிறதா என்று கேட்க வேண்டும். ‘ஐ’ இருந்த இடத்தில் ‘ஹி’, ‘மீ’ இருந்த இடத்தில் ‘ஹிம்’, ‘மை’ இருந்த இடத்தில் ‘ஹிஸ்’. நாற்காலி மாறக் கூடாது, உட்காருகிற ஆள்தான் மாற வேண்டும்.

பெண்பாலில் இன்னொரு தொல்லை. ‘மீ’க்கும் ‘ஹெர்’, ‘மை’க்கும் ‘ஹெர்’. ‘தி டீச்சர் செட் டு மாலா, “கிவ் மீ யுவர் நோட்.”’ டீச்சரும் பெண் என்றால் விடை, ‘தி டீச்சர் ஆஸ்க்டு மாலா டு கிவ் ஹெர் ஹெர் நோட்.’ இரண்டு ‘ஹெர்’ பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துப் பயந்து ஒன்றை அடித்துவிடுகிறார்கள். அடிக்க வேண்டாம், இரண்டும் வேண்டும்.

‘வி’ வந்தால் தமிழைக் கேளுங்கள். நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு, ஆங்கிலத்துக்கு ஒன்றுதான். கடத்துகிறவரையும் சேர்த்துச் சொன்னதென்றால் ‘வி’ மாறாது. அவரை விட்டுவிட்டுச் சொன்னதென்றால் ‘தே’. மனிதர் எல்லாருக்கும் பொதுவான ‘வி’யும், தண்ணீர் இல்லாமல் நாம் வாழ முடியாது என்பதுபோல வருவது, மாறாது. பெயர் சொல்லி அழைத்துப் பேசியிருந்தால், அந்தப் பெயரே கேட்டவர்: ‘ஹி செட், “மாலா, ஐ ஹேவ் லாஸ்ட் யுவர் பென்”’ என்பது ‘ஹி டோல்டு மாலா தட் ஹி ஹேட் லாஸ்ட் ஹெர் பென்’ ஆகும்.

சரியாக மாற்றியும் அர்த்தம் குழம்புகிற இடம் ஒன்று உண்டு, அது ஆங்கிலத்தின் குறை. மண்டியில் நடக்கிறதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி மெர்ச்சன்ட் டோல்டு மை ஃபாதர் தட் ஹி ஹேட் மேட் எ மிஸ்டேக் இன் தி கவுன்ட்.’ பெட்டிக் கணக்கில் தப்பு செய்தது வியாபாரியா, அப்பாவா? தமிழில் ‘தான் எண்ணியது தப்பு என்று சொன்னார்’ என்றால் தீர்ந்தது, ‘தான்’ சொன்னவரையே பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. சந்தேகம் வரும் இடத்தில் ‘ஹி’க்குப் பதில் ‘தி மெர்ச்சன்ட்’ என்று பெயரையே திரும்பப் போடலாம்.

தினம் 5 வாக்கியம் போதும், 15 நாள். அந்த ஐந்தில் குறைந்தது மூன்று ‘மீ’, ‘மை’ வெளியே இருப்பவையாக இருக்கட்டும். வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள், திருத்துவது அவள் அப்பா. அவருக்கு ஆங்கிலம் வராது என்பீர்கள். வர வேண்டாம். அவள் விடையை ‘ஆம்’ போட்டுத் தமிழில் சொல்லட்டும், யார் யாருக்கு என்ன செய்தார் என்பது சரியா என்று மட்டும் அவர் பார்த்தால் போதும்.

இதற்கு நீங்கள் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டியிருக்கும். உட்காருங்கள். கை நீட்டுகிற மனிதர் என்றால் அது வேறு சங்கதி, 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, வீம்புதான் தெரிகிறது. சண்டை போட வேண்டுமா, நேராகப் போடுங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. அதைச் சுமக்கப் பிள்ளை பெறுவதில்லை. பெற்றவர்களுக்குப் பேச்சில்லை என்றால் பேச்சில்லாமலே இருங்கள், பட்டினி கிடந்தாலும் கிடங்கள், பிள்ளையிடம் ‘சொல்லு’ என்கிற வார்த்தை மட்டும் இந்த நிமிடத்திலிருந்து உங்கள் வாயில் வரக் கூடாது.

இன்று ராத்திரி லோடு இறக்கிவிட்டு அவர் வந்ததும், சாப்பாடு எடுத்து வைத்திருப்பதை நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரட்டும்.