சாப்பிடாத பாம்புக்குட்டி

வணக்கம். போன மாதம் மகனுக்கு ஒரு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக் குட்டி வாங்கிக்கொடுத்தேன். நாலடிக் கண்ணாடித் தொட்டி, இரவும் பகலும் எரியும் பல்பு, ஒரு பிளாஸ்டிக் செடி, தண்ணீர்க் கிண்ணம். கடையில் மூன்று முறை சாப்பிட்டதாம். இங்கே நான்கு வாரமாக எதையும் தொடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சுண்டெலியைக் காட்டுகிறோம். தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொள்கிறது. மகன் தினமும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறான்.
வாசகர், ஸ்கார்பரோ

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகனைத் தேற்றுங்கள். நான்கு வாரப் பட்டினியை இந்த இனக் குட்டிகள் பொதுவாகத் தாங்கிவிடும். உங்கள் குட்டி பயந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால்தான் அதற்கு அந்தப் பெயரே.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதை நமக்குத் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு உண்மையாகவே அப்படித்தான் வாழ்கிறது: கறையான் புற்றிலும் எலி வளையிலும். பகலெல்லாம் நாலு பக்கமும் மண் உடம்பை உரச இருட்டில் கிடக்கும் உயிரை, வெளிச்சமான வெட்டவெளியில் விட்டிருக்கிறீர்கள். தொட்டி பெரிதாக இருப்பது தப்பில்லை. வெறுமையாக இருப்பதுதான் தப்பு.

மூன்று பக்கக் கண்ணாடியிலும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒரே மாதிரி இரண்டு மறைவிடங்கள் வேண்டும். குட்டி உள்ளே சுருண்டால் சுவர் முதுகில் பட வேண்டும். அந்த அளவு போதும். நான் என் குட்டிக்கு வாய் உடைந்த சிறிய பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். நடுவில் இலையும் மரப்பட்டையும் நிறையப் போடுங்கள்.

சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டர் சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், மறுபக்கம் 26. சூடு இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது, கக்கிவிடும். இரவில் பல்பு வேண்டாம். வெளிச்சம் தராத ஹீட்டரை, சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும், அதனால் மறைவிடத்துக்குள் கொஞ்சம் ஈரப் பாசி (moss) வையுங்கள்.

அப்புறம் ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது. மகனுக்கு இதுதான் கஷ்டம், ஆனாலும் சொல்லிப் புரியவையுங்கள்.

எட்டாம் நாள், இருட்டிய பிறகு, உறைந்த சுண்டெலியை முழுதாக இளகவிட்டு, வெந்நீரில் சூடேற்றி, துடைத்து, இடுக்கியால் மறைவிட வாசலில் காட்டுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது பாம்பைக் கடித்துவிடும். என் குட்டி அன்றைக்கு மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. நாக்கு மெல்ல மெல்ல வெளியே வந்து போனது, கழுத்து பின்னால் மடங்கியது. அடித்த வேகத்தில் பூந்தொட்டியே நகர்ந்துவிட்டது. வாங்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். காலையிலும் கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி.

இன்றைக்கே சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள், எடையையும் சேர்த்து.